பச்சைப் பொய்

ஒரே ஒரு கன்று. அதைப் பிடித்தபடி பதினான்கு கைகள். பின்னால் பேனர், முன்னால் பூவாளி. கைப்பிடியில் இடம் கிடைக்காதவர்கள் பூவாளியின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். குழியை அதிகாலையிலேயே வனக் காவலர் தோண்டி, கன்றையும் முக்கால்வாசி நட்டு வைத்துவிட்டார். மீதி மண்ணைத் தள்ளுவதுதான் மாண்புமிகுவின் பங்கு. சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5ஆம் தேதிக்கு மறுநாள் எந்த ஊர்ப் பதிப்பைப் பிரித்தாலும் இந்தப் படம் இருக்கும். சமவெளியில் எடுத்ததென்றால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். கன்றை ஆடு மேய்ந்துவிடும். அடுத்த வருஷம் அதே குழியில் அதே விழா. மலை உச்சிப் புல்வெளியில் எடுத்த படமென்றால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே கன்று சாகாது. வேர் பிடித்து, வளர்ந்து, விதை போட்டு, குடும்பம் பெருக்கி, கடைசியில் புல்வெளியையே விழுங்கிவிடும்.

நம் நாட்டில் காடு என்பதற்குச் சர்க்கார் வைத்திருக்கும் இலக்கணம் ரொம்பத் தாராளமானது. ஒரு ஹெக்டேருக்கு மேல் நிலம், அதில் பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை. முடிந்தது. இந்திய வன அளவைத் துறை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் இதுதான் அளவுகோல். நிலம் யாருடையது, மரம் எந்த தேசத்தது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. பழத்தோட்டமும் காடு, மூங்கில் தோப்பும் காடு, தென்னந்தோப்பும் காடு. ஆஸ்திரேலியாவிலிருந்து இறங்கிய சீகையும் தைல மரமும் காடு. மெக்சிகோவிலிருந்து வந்த பைன் மரமும் காடு. ஆயிரக்கணக்கான வருஷமாக மலையின் நெற்றியில் படர்ந்து கிடக்கும் புல்வெளி மட்டும் காடில்லை. அதில் மரம் இல்லையே! அதற்கு வருவாய்த் துறை வழங்கிய பட்டம் தரிசு. செயற்கைக்கோள் மேலேயிருந்து பார்க்கிறது. அதற்குப் பச்சையெல்லாம் ஒரே பச்சை. செயற்கைக்கோளை நான் குறை சொல்ல மாட்டேன். அது மலையேறி வந்து பார்க்க முடியாது. ஜீப்பும் பெட்ரோல் படியும் வாங்குகிறவர்களுக்கு என்ன கேடு?

2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது லட்சியம். நாட்டு மரம்தான் நடுகிறோம் என்கிறார்கள், நல்லது, சமவெளியில் தாராளமாக நடட்டும். மலைப் புல்வெளியில் நட்டால் நாட்டு மரமும் களைதான் என்பதை யாராவது கோப்பின் ஓரத்தில் எழுதி வைத்தால் தேவலை. சதவீதத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவனுக்குக் காலி இடமெல்லாம் குழி தோண்டத்தான் தெரியும்.

இந்தப் பச்சைக் கணக்குக்கு ஏமாறாத ஓர் உருப்படி பழனி மலையில் இருக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். மேலெல்லாம் கருநீலம், முகத்தில் கறுப்பு, கண்ணுக்கு மேல் வெளிறிய ஒரு புருவக் கீற்று, வயிறு வெள்ளை. உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். பெயர் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. சிவந்த மூக்கைத் தேடாதீர்கள், இது கிளி இல்லை. வீட்டு முற்றத்தில் வாலை நிமிர்த்தித் திரியும் குண்டுக்கரிச்சானுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஆயிரம் மீட்டருக்கு மேலே, சோலை என்று மலைக்காரர்கள் சொல்லும் குட்டை மரக் காட்டுக்குள் மட்டும் வாழ்கிறது. நாவலும் காட்டுச் செண்பகமும் லவங்கத்தின் உறவுகளும் பின்னிக் கிடக்கிற, பட்டையெல்லாம் பாசி தொங்குகிற, நண்பகலிலும் அந்தி வெளிச்சமே இருக்கிற காடு அது. புல்வெளிக்கு நடுவே, பள்ளத்தாக்கின் மடிப்புகளில் திட்டுத் திட்டாக இருக்கும்.

கொடைக்கானல் ஊரை ஒட்டியே பாம்பே சோலை என்றொரு துண்டு இன்னும் மிச்சமிருக்கிறது. விடிவதற்கு முன்னால் அங்கே போய் அசையாமல் நின்றால், முதலில் கேட்பது இதன் சீட்டிதான். நீளமாக, ஏறி இறங்கி, நடுநடுவே அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையும் திருடிக் கோத்துக்கொண்டு பாடும். வெளிச்சம் வந்தபின் பாதையோரத்தில் இறங்கும். ரெண்டு தத்து, ஒரு நிற்றல். அலகால் ஒரு சருகைத் தூக்கி எறியும். அடியில் நெளிவதைக் கொத்திக்கொள்ளும். தலையைச் சாய்த்து உங்களைப் பார்க்கும். நீங்கள் அதிகாரி இல்லை என்று தெரிந்ததும் அடுத்த சருகுக்குப் போய்விடும். ஓடைக் கரையின் மண் பொந்திலோ மரப் பொந்திலோ பாசியும் சல்லிவேரும் வைத்து, இரண்டு முட்டை இடும். அதன் தேவை அவ்வளவுதான். கேட்பாரற்ற ஓர் ஈரமான இருட்டு.

அந்த இருட்டை விட்டு அது வெளியே வராது. சீகைத் தோப்பு எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி, அறிக்கையில் அதற்கு எத்தனை சதவீதம் போட்டிருந்தாலும் சரி. ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே ஊரும் உருளைக்கிழங்கு வயலும் தோப்புமாகக் கிடந்தால் இந்தப் பக்கத்துப் பறவைக்கும் அந்தப் பக்கத்துப் பறவைக்கும் கொள்வினை கொடுப்பினை அற்றுப்போகிறது. இது என் கற்பனை அல்ல. வி. வி. ராபினும் உமா ராமகிருஷ்ணனும் அவர்களுடைய கூட்டாளிகளும் இந்தப் பறவைகளின் ரத்தத் துளியை எடுத்து மரபணுவைப் பார்த்தவர்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே நம்முடைய வெள்ளை வயிறு, செங்கோட்டைக் கணவாயும் தாண்டி அகத்தியமலைப் பக்கம் அசம்பு சோலைக்கிளி. மூன்றும் வேறு வேறு இனம், உலகத்தில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று 2017இல் அறிவித்தார்கள். கணவாயின் வெக்கையைத் தாண்ட முடியாமல் லட்சக்கணக்கான வருஷம் அந்தந்த மலையிலேயே கிடந்து பிரிந்தவை இவை. கடல் சூழ்ந்தால்தான் தீவா? இவற்றுக்கு வெயில் சூழ்ந்த தீவு.

அதற்குமுன் 2015இலேயே இதே ஆட்கள் இன்னொன்றும் கண்டிருந்தார்கள். கணவாயே இல்லாத இடத்தில், ஒரே மலைத்தொடருக்குள்ளேயே, அண்மைக் காலத்தில் காடு துண்டாடப்பட்ட இடங்களில் பறவைகளின் மரபணுக்கள் விலகத் தொடங்கியிருந்தன. பாட்டும் மாறியிருந்தது என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது. காடு வெட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மெட்டு, அந்தப் பக்கம் வேறு மெட்டு. பக்கத்து வீட்டுக்காரன் பாடுவதைக் கேட்டால்தானே அவன் பாட்டு நம் பாட்டில் கலக்கும்?

இயற்கை ஒரு கணவாய் செய்யக் கோடிக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்டது. நாம் இருநூறு வருஷத்துக்குள் செய்து முடித்தோம், அதுவும் டெண்டர் விட்டு. இந்தச் சாதனைக்குக் கோட்டையில் கொடி ஏற்றும் நாளில் ஒரு பதக்கம் கொடுக்காதது அநியாயம். கொடுப்பதென்றால் யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் அடிதடி வரும்.

வெள்ளைக்காரனிடமிருந்து ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம், பழி அவன் தலையில் சுகமாக உட்காரும். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் சதுப்பு நிலத்தை மறித்து ஏரியாக்கினார். அடுப்பெரிக்க விறகு வேண்டும், கண்ணுக்குச் சொந்த ஊர் மாதிரியும் இருக்க வேண்டும்; சீகையும் தைலமும் வந்தன. சரி. அவர்கள் நட்டது தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் அளவு. பந்தி பரிமாறியது சுதந்திர இந்தியா. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், அதை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அந்நியச் செலாவணி போகிறது. செயற்கைப் பட்டுநூலுக்கு மரக்கூழ் வேண்டும். திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் தோல், சிறுமுகையில் நூலாலை. பார்த்தார்கள், மலைமேல் சும்மா கிடக்கும் ‘தரிசு’ கண்ணில் பட்டது. ஐந்தாண்டுத் திட்டம் போட்டு, இலக்கு வைத்து, நாற்றங்கால் வளர்த்து, கூலி கொடுத்து, வனத்துறையே நட்டது. காட்டைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிற துறை. வேலி பயிரை மேய்ந்ததென்று நம் பாட்டிகள் சொன்னது போதவில்லை. இந்த வேலி பயிரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தன்னையே நட்டுக்கொண்டது.

கணக்குக் கேட்டால் இருக்கிறது. 1973இலிருந்து 2014 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்டார்கள். பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நாற்பது வருஷத்தில் போய்விட்டது. மரத் தோப்பு பல மடங்கு பெருகிவிட்டது. மிச்சத்தில் விவசாயம் புகுந்துகொண்டது. சோலையும் சேர்ந்து சுருங்கியது. இதே காலத்தின் வன அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், அழிவு என்ற சொல்லே வராது. புல் போய் மரம் வந்தால் நம் கணக்கேட்டில் அது வரவு. ஒரு கொலையை ஜனனப் பதிவேட்டில் எழுதும் சாமர்த்தியம் வேறு எந்த இலாகாவுக்கும் கைவராது.

தோல் சந்தை மாறியது. நூலாலை பவானி ஆற்றைக் கெடுத்துவிட்டு மூடிக்கொண்டது. சீகைக்கு மட்டும் யாரும் ஓய்வூதிய உத்தரவு கொடுக்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு தூங்கும். தீ பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ விழித்துக்கொள்ளும். இப்போது யாரும் நடாமலே அது வருஷா வருஷம் புல்வெளிக்குள் நடந்துபோகிறது. புல்லோடு தண்ணீரும் போகிறது. பழனி மலையின் தெற்குச் சரிவு வைகைக்கும் வடக்குச் சரிவு அமராவதிக்கும் தண்ணீர் கொடுக்கிறது. மழையைப் புல்லும் சோலையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடுவதால்தான் அந்த ஓடைகளுக்கு உயிர். நீலகிரியில் கிளன்மார்கன் பக்கம் மத்திய மண் வள ஆராய்ச்சி நிலையம் வருஷக்கணக்காக அளந்து பார்த்து, புல்வெளியில் தைல மரம் நட்ட ஓடையில் நீர் குறைவதை எழுதியே வைத்தது. எழுதியதைப் படிக்க வேண்டியவர்கள் அப்போது இன்னொரு குழி தோண்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நம்மைச் சொல்லாமல் விடக்கூடாது. கொடைக்கானல் பைன் காட்டுக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். சாலையோரம் அரை மைலுக்கு வேன்கள். ஸ்வீட் கார்ன், மாங்காய் பத்தை, சோப்புக் குமிழி ஊதும் துப்பாக்கி, முயல் காது வைத்த தொப்பி, வாடகைக் குதிரை. உள்ளே நெட்டுக்குத்தாக, வரிசை பிசகாமல், பள்ளிக்கூட அசெம்பிளியில் நிறுத்திய மாதிரி மரங்கள். தரையில் முழங்கால் உயரத்துக்குக்கூட வேறு செடி கிடையாது. ஊசி இலை மெத்தை போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டது. பூச்சி குறைவு, பழம் கிடையாது, பறவைச் சத்தம் பேருக்கும் இல்லை. அந்த அமைதியில் மெய்மறந்து ஒரு அப்பா தன் பிள்ளையிடம் சொல்கிறார்: “பாத்தியா, இதுதாண்டா காடு. என்னா சைலன்ட்டா இருக்கு பாரு!” சைலன்ட்டாகத்தான் இருக்கும் அண்ணே. பிணவறையும்தான் சைலன்ட்.

அந்த மனிதரைக் கேலி செய்து என்ன பயன்? மரங்கள் வரிசையாக நின்று கதாநாயகன் கதாநாயகியைத் துரத்தினால் அது காடு என்று ஐம்பது வருஷமாகச் சினிமா அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. அரசாங்கமோ அதே இடத்துக்குப் பெயர்ப்பலகை வைத்து டிக்கெட் கிழிக்கிறது. நிஜமான சோலையோ பார்க்கக் கோணல்மாணலாக, இருட்டாக, அட்டையும் சகதியுமாக இருக்கும். அதில் நின்று படமெடுத்தால் முகம் தெரியாது. முகம் தெரியாத இடத்துக்கு இந்த நாட்டில் பட்ஜெட் வராது.

நிர்வாகமே இல்லையா என்று கேட்பீர்கள். அமோகமாக இருக்கிறது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பின் முதல் பலன் யாருக்குக் கிடைத்தது தெரியுமா, பளியர்களுக்கு. தேனும் கிழங்கும் எடுத்து, எந்தக் காலத்திலும் ஒரு சீகைக் கன்று நடாமல் அந்த மலையில் வாழ்ந்தவர்கள். 2006இலேயே வன உரிமைச் சட்டம் வந்தாகிவிட்டது. இருந்தும் காட்டுக்குள் போனால் எங்கே போகிறாய், இடுப்பில் என்ன அரிவாள் என்ற கேள்வி அவர்களுக்குத்தான். தலைச்சுமை விறகு கொண்டுவரும் கிழவி குற்றவாளி. மலைச்சரிவையே வெட்டி மட்டப்படுத்தி, கண்ணாடி பால்கனி வைத்து, ‘நேச்சர்’ என்றொரு சொல்லையும் பெயரில் ஒட்டிக்கொள்பவர் தொழில் முனைவோர். அவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்ற யார் போகிறார்கள் என்று பாருங்கள்.

கட்டடம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, மறக்கவும் கூடாது. இதே ஊரில் ஓர் ஓட்டல் விதியை மீறி மாடி எழுப்ப அனுமதி தரப்பட்ட வழக்கில், 2000 பிப்ரவரி 2ஆம் தேதி முன்னாள் முதலமைச்சருக்கு எதிராகத் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று தருமபுரியில் அவருடைய கட்சிக்காரர்கள் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். வேளாண் பல்கலைக்கழகத்து மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே எரிந்துபோனார்கள். ஓட்டல் வழக்கின் தண்டனை 2001இல் மேல்முறையீட்டில் நீங்கிவிட்டது. மலைமேல் ஒரு மாடிக்கு இந்த நாடு கொடுக்கத் தயாராக இருக்கும் விலை என்ன என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பாதரசக் கதை அதற்கு அடுத்த வருஷம் வெளியே வந்தது. அமெரிக்காவில் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்தெடுத்து, எண்பதுகளில் கொடைக்கானல் மலை விளிம்பில், பாம்பார் சோலைக்குத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் ஏழு டன்னுக்கு மேல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே கப்பலேற்றினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனம் உடன்பாடு எழுதிக் கொடுக்க 2016 ஆனது. இடையில் எத்தனையோ சிறுநீரகங்கள், எத்தனையோ சாவுகள் என்று அவர்கள் சொன்னதெல்லாம் கோப்பில் ‘புகார்’ என்ற தலைப்பின் கீழ்தான் இருந்தது. மண்ணைச் சுத்தம் செய்வதில் மட்டும் பேரம் நீண்டது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நிபுணர்கள் பெருந்தன்மை காட்டினார்கள். இங்கிலாந்தில் குடியிருப்பு நிலத்துக்கு வைத்திருக்கும் அளவு இதைவிட எவ்வளவோ கறார் என்று ஊர்க்காரர்கள் சொன்னால், அது இங்கிலாந்து மண் ஐயா, அதற்கு மரியாதை வேறு. பாம்பார் ஓடை கும்பக்கரை அருவியாக விழுந்து வைகைப் பக்கம் போகிறது. சோலையின் சருகைப் புரட்டி, புழுவைப் பொறுக்கி, அந்த மண்ணிலேயே சாப்பிட்டு வாழும் உயிர்கள் எதுவும் நிபுணர் குழுவில் இல்லை.

நீதிமன்றம் தன்னால் ஆனதைச் செய்கிறது. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ். 2025இல் கோடைக்கு உச்சவரம்பு: கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு 4,000 வாகனம், சனி ஞாயிறில் 6,000. ஆயிரம் என்பதற்குப் பின்னால் எத்தனை சைபர் இருந்தால் மலை தாங்கும் என்று விவாதம் நடந்தது. ஓட்டல்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். மலையேறும் காரை எண்ணுகிறோம். மலையில் மிச்சமிருக்கும் சோலைத் துண்டை எண்ணுகிறோமா?

இப்போது புது உற்சாகம் ஒன்று கிளம்பியிருக்கிறது: அந்நிய மரத்தை ஒழிப்போம். 2022இல் இதற்கென்று கொள்கையே வந்துவிட்டது. கேட்கத் தேன் பாய்கிறது. ஆனால் நம் ஆட்களுக்கு ஒழிப்பு என்றால் தெரிந்த ஒரே கருவி பொக்லைன். நாற்பது வருஷச் சீகைத் தோப்பின் நிழலில், மெதுமெதுவாக, சோலைக் கன்றுகள் தாமாகவே தலையெடுத்து வருவதை வட்டக்கானல் பக்கம் காட்டோடு கிடந்தவர்கள் பல வருஷம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தோப்பில் பொக்லைனை இறக்கினால் முதலில் சாவது அந்தச் சோலைக் கன்றுதான். பிறகு கிளறிய மண்ணில் தூங்கிய சீகை விதையெல்லாம் எழுந்து நிற்கும். பழைய தோப்பை நிழலுக்கு விட்டுவிட்டு, புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் குட்டிக் கன்றுகளைக் கையால் பிடுங்கு, அதை விடாமல் வருஷா வருஷம் செய் என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது. எவ்வளவு மட்டமான யோசனை! இதில் டன் கணக்கில் மரம் கிடைக்காது. ஏலம் கிடையாது, லாரி கிடையாது, கமிஷன் கிடையாது. பளியர் பெண்கள் நாலு பேருக்குக் கூலி போகும், அவ்வளவுதான். ஒரு மரத்தை நடுவதற்கு வரும் அமைச்சர் ஒரு கன்றைப் பிடுங்குவதற்கு வருவாரா? வந்தால், அந்தப் படத்தை என் செலவில் சட்டம் போட்டு மாட்டுகிறேன்.

பறவை நேசர்கள் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நம்மவர்களை விட்டுவிட்டேன் என்பீர்கள். சுரைக்காய் கனத்தில் லென்ஸ், இலைதழை அச்சடித்த சட்டை, கையில் ப்ளூடூத் ஸ்பீக்கர். சோலைக்கிளியின் பாட்டையே சோலைக்கிளிக்குப் போட்டுக்காட்டி, எதிரி வந்துவிட்டான் என்று அது பதறியடித்து வெளியே வர, இவர்கள் நொடிக்கு இருபது படம் சுடுகிறார்கள். குஞ்சு பொரிக்கும் காலத்திலும் இதே திருவிழா. படத்துக்கு அடியில், ‘வாழ்விடத்தைக் காப்போம்’ என்று ஒரு வாசகம். அந்தப் படத்துக்கு விழும் இதயங்களில் பத்தில் ஒன்று வனத்துறைக்கு ஒரு மனுவாகப் போயிருந்தால்கூட ஏதாவது நடந்திருக்கும்.

குறிஞ்சி 2018இல் பூத்தபோது மலைச்சாலை முழுக்கக் கார். அடுத்து 2030இல் பூக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பதால் அதற்காவது ஒரு விளம்பர மதிப்பு இருக்கிறது. சோலைக்கிளி தினமும் விடியற்காலையில் பாடித் தொலைக்கிறது. தினமும் நடக்கிற காரியத்துக்குச் சுற்றுலாத் துறையிடம் தலைப்பே கிடையாது. மாநிலப் பறவை மரகதப்புறா. மாநில விலங்கு வரையாடு. அதற்கு 25 கோடி ரூபாய்த் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. வரையாட்டின்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அதுவும் புல்வெளி போய்ப் பாறை விளிம்பில் நிற்கிற பிராணிதான். அந்தத் திட்டத்தில் புல்வெளி பிழைத்தால் சோலையும் பிழைக்கும். பிழைக்கட்டும். ஆட்டுக்குக் கொம்பு இருக்கிறது, சுவரொட்டியில் எடுப்பாகத் தெரிகிறது. பதினைந்து சென்டிமீட்டர் நீலத்தை எந்தச் சுவரொட்டியில் ஒட்டுவது?

அதனால் ஆக்கபூர்வமாக ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். மே மாதம் கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி வரும். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பூவை வைத்து எதையாவது செய்கிறீர்களே, இந்தத் தடவை வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி செய்யுங்கள். இருபதடி உயரம் இருக்கட்டும். வயிற்றுக்கு வெள்ளைச் சாமந்தி இருக்கிறது. கருநீலத்துக்குக் கார்னேஷனில் சாயம் ஏற்றிக்கொள்ளலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கால் இரண்டுக்கும் சீகைக் கம்பு வையுங்கள். அது மட்டும் மலையில் தட்டில்லாமல் கிடைக்கும். பாட்டை ஒலிபெருக்கியில் விடுங்கள், எந்தச் சோலையின் மெட்டு என்று எவரும் கேட்கப் போவதில்லை. பக்கத்தில் செல்ஃபி மேடை. அமைச்சர் ரிப்பன் வெட்டட்டும். பெரியவருக்கு முழுக் கட்டணம், சிறுவருக்குப் பாதி, கேமராவுக்குத் தனி.